நடையில் பிறந்த மனிதர்கள்: அலெக் கின்னஸின் கலை வாழ்க்கை

தகரக் கூண்டின் கதவு திறக்கிறது. கொதிக்கும் வெயிலில் நாள்கணக்காக உள்ளே அடைபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் கர்னல் வெளியே வருகிறார். சீருடை கசங்கி, கறை படிந்து தொங்குகிறது. எதிரே ஜப்பானியத் தளபதியின் இருப்பிடம். இடையில் திறந்த மைதானம். அவருடைய சிப்பாய்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். கர்னலின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் மடங்குகிறது, பாதம் இழுபடுகிறது. ஆனால் இடுப்புக்கு மேலே அவர் இன்னும் அணிவகுப்பில்தான் இருக்கிறார். ஒரே உடம்பில் மேல்பாதி ஒரு பேரரசின் அதிகாரி, கீழ்ப்பாதி நொறுங்கிப்போன மனிதன்.

1957-ல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் காட்சி இது. கர்னல் நிக்கல்சனாக நடித்தவர் அலெக் கின்னஸ். தன் நீண்ட வாழ்க்கையில் செய்த சிறந்த காரியங்களில் ஒன்றாக இந்த நடையை அவர் கருதினார். அதை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் மேத்யூ பதினோரு வயதில் இளம்பிள்ளைவாதத்தில் விழுந்தான். குணமாகி மறுபடி நடக்கப் பழகிய நாட்களில் அந்தப் பையன் காலை எப்படி எடுத்து வைத்தான் என்பதைத் தந்தை அருகிலிருந்து பார்த்திருந்தார். வீட்டில் பட்ட வேதனையிலிருந்து எடுத்த அந்த நடை, ஒரு போர்க்கைதியின் கால்களில் வந்து சேர்ந்தது.

இன்று உலகம் அவரைப் பெரும்பாலும் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தாடி வைத்த முதியவர் ஓபி-வான் கெனோபியாகத்தான் அறிந்திருக்கிறது. அது தவறில்லை, ஆனால் போதவே போதாது. ஷேக்ஸ்பியர் மேடை, ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்கள், டேவிட் லீனின் பிரம்மாண்டங்கள், பிபிசியின் உளவுத் தொடர்கள் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வாழ்க்கை அது. எல்லா இடத்திலும் அவருடைய வழி ஒன்றுதான். அந்த மனிதன் எப்படி நடப்பான் என்று முதலில் கண்டுபிடிப்பார். பிறகு அந்த நடைக்குள் தான் காணாமல் போவார். மாணவப் பருவத்திலேயே லண்டன் தெருக்களில் முன்பின் தெரியாதவர்களின் பின்னால் போய், அவர்கள் நடப்பதுபோல நடந்து பார்த்துப் பழகியவர். அவர் காலத்து ஜாம்பவான்களில் லாரன்ஸ் ஒலிவியர் மேடையை அதிர வைத்தார். ஜான் கீல்குட் குரலால் கட்டிப்போட்டார். கின்னஸ் தன்னைக் குறைத்துக்கொண்டே போனார். மூன்றில் கடினமானது இதுதான்.

பெயர் தெரியாத பிள்ளை

1914 ஏப்ரல் 2 அன்று லண்டனின் மைடா வேல் பகுதியில் பிறந்தார். பிறப்புப் பதிவேட்டில் தந்தை பெயருக்கான இடம் காலியாக இருந்தது. தாய் ஆக்னஸ் கஃப். வீட்டு வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு விடுதி விடுதியாக இடம் மாறுவது அவர்களுடைய வாழ்க்கையாக இருந்தது. பிறகு தாய் ஸ்டிவன் என்ற ஸ்காட்லாந்து ராணுவ அதிகாரியை மணந்தார். அந்த மாற்றாந்தந்தையின் முரட்டுத்தனத்துக்குப் பயந்து நடுங்கிய காலத்தைக் கின்னஸ் பிற்காலத்தில் தன் நினைவு நூலில் எழுதினார். சிறுவன் ஸ்டிவன் என்ற பெயரிலேயே பள்ளிக்குப் போனான். உண்மையான பெயர் கின்னஸ் என்று அவனுக்குச் சொல்லப்பட்டபோது வயது 14.

கின்னஸ் என்றதும் நமக்குச் சாதனைப் புத்தகம் நினைவுக்கு வரும். அந்தப் புத்தகத்தைத் தொடங்கிய அயர்லாந்து மதுபான நிறுவனத்தின் குடும்பத்துக்கும் இந்த நடிகருக்கும் ரத்த உறவு உண்டு என்ற பேச்சு அவர் காலம் முழுக்க இருந்தது; நிரூபணமானதில்லை. பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவந்தவர் ஆண்ட்ரூ கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர். அவர்தான் தந்தையாக இருக்க வேண்டும் என்று கின்னஸ் நம்பினார்.

இப்படி வளர்ந்த பையனுக்கு வேறொருவராக மாறிக்கொள்வதில் நிம்மதி இருந்தது என்றால் அதில் வியப்பில்லை. ஆனால் துயரமான குழந்தைப் பருவம் எல்லோரையும் நடிகராக்கிவிடாது. அதற்குப் பிடிவாதம் வேண்டும், அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

பள்ளி முடிந்ததும் ஒரு விளம்பர நிறுவனத்தில் விளம்பர வாசகங்கள் எழுதும் வேலை. நடிப்பு கற்க ஆசை; பணமில்லை. துணிந்து ஜான் கீல்குட்டுக்கே தொலைபேசியில் பேசி யோசனை கேட்டார். கீல்குட் கைகாட்டியது மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையை. சில பாடங்களிலேயே அந்த அம்மையார், உனக்கு நடிப்பு வராது, காசை வீணாக்காதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கின்னஸ் விலகவில்லை. பாடமும் தொடர்ந்தது. பிறகு ஃபே காம்ப்டன் நடிப்புப் பள்ளியில் உதவித்தொகை கிடைத்தது. ஆண்டிறுதியில் மாணவர்களுக்குப் பரிசு தர வந்த நடுவர்களில் ஒருவர் அதே கீல்குட். பரிசு கின்னஸுக்கு.

பரிசு வயிற்றை நிரப்பவில்லை. வேலை தேடி அலைந்த நாட்களில் கீல்குட் மேசையில் 20 பவுண்டை அடுக்கி வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். கையில் சல்லிக்காசு இல்லாத அந்த இளைஞர் தன்மானம் இடம்கொடுக்காமல் மறுத்துவிட்டு நடந்தே திரும்பினார். 1934-ல் 'க்வீர் கார்கோ' என்ற நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றுக்கு மூன்று சின்ன வேடங்கள்: ஒரு சீனக் கூலி, ஒரு பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரன், ஒரு பிரிட்டிஷ் மாலுமி. அடுத்த அரை நூற்றாண்டுக்கு முன்னோட்டமே அந்தச் சின்ன மேடையில் நடந்துவிட்டது. அதே ஆண்டு கீல்குட் தன் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆஸ்ரிக் வேடம் கொடுத்தார். ஒத்திகையில் ஒரு நாள், படு மோசம், கண்ணில் படாதே, போ என்று விரட்டினார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரச் சொன்னதும் அவர்தான்.

1935-ல் 'நோவா' என்ற நாடகத்தில் பேழை ஏறும் விலங்குகளில் ஓநாய் வேடம் கின்னஸுக்கு. புலி வேடம் மெருலா சாலமன் என்ற இளம் நடிகைக்கு. 1938-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். அறுபத்திரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

கடற்படையும் கள்ளமூக்கும்

1939-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைக் கின்னஸே மேடைக்கு எழுதினார். ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்தைத் தான் வைத்துக்கொண்டார். மிஸ் ஹாவிஷாமாக நடித்தவர், இவனுக்கு நடிப்பு வராது என்று சொன்ன அதே மார்ட்டிடா ஹன்ட். பார்வையாளர்களில் டேவிட் லீன் இருந்தார். அப்போது அவர் படத்தொகுப்பாளர். ஏழு ஆண்டுகள் கழித்து அந்த நாவலை அவர் படமாக்கியபோது ஹாவிஷாமும் பாக்கெட்டும் மேடையிலிருந்து அப்படியே திரைக்கு வந்தார்கள்.

இடையில் போர். கின்னஸ் கடற்படையில் சேர்ந்து, துருப்புகளைக் கரையிறக்கும் படகு ஒன்றுக்குத் தளபதியானார். 1943 ஜூலையில் சிசிலிப் படையெடுப்பு. நேரம் தள்ளிப்போடப்பட்ட செய்தி அவர் படகுக்கு வந்து சேரவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையேறி, மற்றவர்கள் யாரையும் காணாமல் நின்றார்கள். பிறகு வந்த மேலதிகாரி ஒருவர், தாமதம் என்று அவரையே குற்றம் சொன்னார். லண்டன் நாடகக் கொட்டகையில் எட்டு மணிக்குத் திரை தூக்கப்படும் என்று அறிவித்தால் எட்டு மணிக்கே தூக்கிவிடுவார்கள், கடற்படை அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு நடிகனாகப் பதில் சொன்னதாக நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

'ஆலிவர் ட்விஸ்ட்' (1948) படத்தில் ஃபாகின் வேடத்தைத் தாருங்கள் என்று கேட்டபோது லீன் தயங்கினார். முப்பதுகளில் இருக்கும் மென்மையான முகம் எங்கே, பிள்ளைகளைத் திருட்டுக்குப் பழக்கும் கிழவன் எங்கே? சோதனைக் காட்சிக்கு முழு ஒப்பனையோடு வந்து நின்றார் கின்னஸ். அதற்கு மேல் பேச்சே எழவில்லை.

அந்த ஒப்பனையைச் செய்தவர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். பிற்காலத்தில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் யோடாவை உருவாக்கியவரும் இவர்தான். ஃபாகினுக்காக அவர் வைத்த கொக்கி மூக்கு, நாவலின் பழைய ஓவியங்களைப் பார்த்துச் செய்தது. யூதர்களை இழிவுபடுத்தும் சித்திரம் அந்த ஓவியங்களிலேயே ஊறியிருந்தது. ஹிட்லர் வீழ்ந்து நான்கு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1949-ல் பெர்லினில் படத்துக்கு எதிராக யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்காவில் காட்சிகள் வெட்டப்பட்டு 1951-ல்தான் வெளியானது. அந்தக் கோபம் நியாயமானது. கின்னஸின் திறமை எவ்வளவு பெரிதோ, அந்த மூக்கு செய்த காயமும் அவ்வளவு பெரிது.

ஒரே சட்டகத்தில் ஆறு பேர்

மேற்கு லண்டனில் ஈலிங் ஸ்டுடியோ. 1949-ல் ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்'. ஒரு பிரபுக் குடும்பத்தின் பட்டம் தனக்கு வர வேண்டும் என்பதற்காக, குறுக்கே நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் இளைஞனின் கதை. அந்த உறவினர்களில் நான்கு பேராக நடிக்கத்தான் கின்னஸை முதலில் அழைத்தார்கள். திரைக்கதையைப் படித்துவிட்டு, ஏன் நான்கு, எட்டையும் நானே செய்கிறேனே என்றார்.

ட்யூக், வங்கி முதலாளி, பாதிரியார், தளபதி, கடற்படை அட்மிரல், இரண்டு இளைஞர்கள், பெண்ணுரிமைப் போராளி லேடி அகதா என எட்டுப் பேர். சில வேடங்கள் திரையில் இரண்டு நிமிடம்கூட நிற்காது. ஆனால் ஒருவரை இன்னொருவராக நினைக்கவே முடியாது. பாதிரியாரின் குழறும் பேச்சும், அட்மிரலின் அசைக்க முடியாத மடத்தனமும் வேறு வேறு எலும்புக்கூட்டிலிருந்து வருவதுபோல இருக்கும்.

தேவாலயத்தில் ஒரு காட்சி. அந்தக் குடும்பத்தின் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாதபடி பொருத்தினார். லென்ஸுக்கு முன்னால் மறைப்புகள் வைத்து, ஓர் ஆள் உட்காரும் இடத்துக்கு மட்டும் வழிவிட்டுப் படம் எடுத்தார். பிறகு ஃபிலிமைத் துல்லியமாக எண்ணிப் பின்னோக்கிச் சுற்றி, அந்த இடத்தை மூடி, அடுத்த இடத்தைத் திறந்தார். இதற்குள் கின்னஸ் மணிக்கணக்காக ஒப்பனை மாற்றி, அடுத்த ஆளாக வந்து உட்கார வேண்டும். ஆறு முறை ஒரே ஃபிலிம் துண்டு கேமராவுக்குள் ஓடியது. எங்கோ ஒருமுறை கேமரா நூலிழை அசைந்தாலும் எல்லாம் பாழ். இரவில் யாராவது வந்து இடித்துவிடுவார்களோ என்று பயந்து ஸ்லோகோம்ப் கேமராவின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். இன்று அந்தக் காட்சியைப் பெரிய திரையில் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

ஈலிங்கில் அவர் செய்த மற்றவையும் சளைத்தவை அல்ல. 'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951) படத்தில், இருபது ஆண்டு நேர்மையாக உழைத்த வங்கி எழுத்தர் தங்கக் கட்டிகளைத் திருடி, உருக்கி, ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்து பாரீசுக்குக் கடத்துகிறார். இதற்குத்தான் கின்னஸுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அதே ஆண்டு 'தி மேன் இன் தி வைட் சூட்'. கிழியாத, அழுக்குப்படாத துணியைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானியை முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து துரத்துகிறார்கள். 1955-ல் 'தி லேடிகில்லர்ஸ்', கோரப்பல்லும் நீண்ட கழுத்துத்துணியுமாக ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவன்.

திரையில் எல்லாம் கைகூடி வந்த 1951-லேயே மேடை அவரைக் கீழே தள்ளியது. தானே இயக்கி, தானே நடித்த 'ஹாம்லெட்'. முதல் இரவில் விளக்குகள் தப்புத்தப்பாக எரிந்தன. மேல்மாடியிலிருந்து கூச்சல் எழுந்தது. விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். அந்த அடி நெடுநாள் ஆறவில்லை. ஆனால் இரண்டே ஆண்டில், 1953 ஜூலையில், கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் புதிதாகத் தொடங்கிய ஷேக்ஸ்பியர் விழாவின் முதல் வரியைப் பேச மூன்றாம் ரிச்சர்டாக மேடையேறினார். அந்த விழா இன்றும் நடக்கிறது.

களனி ஆற்றங்கரை

கித்துல்கல, இலங்கையின் மழைக்காட்டு மலைப்பகுதி ஊர். அங்கே களனி ஆற்றின் குறுக்கே மரத்தால் ஒரு பாலத்தை உண்மையாகவே கட்டினார் தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல். நீளம் 425 அடி, உயரம் 90 அடி. மரம் இழுக்க யானைகள் வந்தன. வெடிக்கும் காட்சிக்கு நாள் குறித்த அன்று, ஒரு கேமராமேன் பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டதாகச் சைகை கொடுக்காததால் லீன் வெடிப்பை நிறுத்தினார். ரயில் மட்டும் பாலத்தைக் கடந்து ஓடி மறுகரையில் மோதியது. மறுநாள்தான் பாலம் தகர்ந்தது.

கின்னஸுக்கும் லீனுக்கும் இடையில் நடந்தது வேறு வகை வெடிப்பு. நிக்கல்சன் கொஞ்சமாவது நகைச்சுவை உணர்வு உள்ளவனாக இருக்க வேண்டும் என்றார் நடிகர். அவன் சலிப்பூட்டும் பிடிவாதக்காரன், அப்படியேதான் வர வேண்டும் என்றார் இயக்குநர். படப்பிடிப்பு முடியும்வரை சண்டை ஓயவில்லை. விளைவைப் பார்த்தால் இருவருமே வென்றிருக்கிறார்கள். எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுப்பதையே தன் படையின் மானமாக நினைத்துவிடும் கர்னலை நாம் வெறுக்க முடியாமல் தவிக்கிறோம். படம் ஏழு ஆஸ்கர் பெற்றது. சிறந்த நடிகர் விருது கின்னஸுக்கு. 1959-ல் சர் பட்டமும் வந்தது.

இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. கதைக்குப் பின்னால் இருக்கும் சயாம்-பர்மா ரயில்பாதை, மலேசியத் தமிழர்கள் இன்றும் 'சயாம் மரண ரயில்' என்று சொல்லும் பாதை. அதைப் போட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஜப்பானியர் இழுத்துச்சென்ற ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமிழர்கள். படத்தில் அவர்கள் இல்லை. போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய பிரிட்டிஷ்காரர்களுக்கும் மனக்குறை உண்டு. அங்கே உண்மையில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய ஃபிலிப் டூசி, எதிரிக்கு ஒத்துழைத்தவர் அல்ல. வேலையை முடிந்தவரை கெடுத்தவர். கின்னஸின் நிக்கல்சன் மகத்தான நடிப்பு, ஆனால் வரலாறு அல்ல. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம் இது.

கித்துல்கலவுக்குப் போகும் முன்பே அவர் வாழ்வில் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. 'ஃபாதர் பிரவுன்' (1954) படத்துக்காகப் பிரான்ஸ் கிராமம் ஒன்றில் பாதிரியார் அங்கியோடு நடந்துபோனபோது, ஒரு சிறுவன் அவரை உண்மையான சாமியார் என்று நம்பி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு கூடவே பேசியபடி வந்தான். அந்த நம்பிக்கை அவரை உலுக்கியது. மேத்யூ நோயுற்ற நாட்களில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து பிரார்த்திப்பதும் வழக்கமாகியிருந்தது. 1956-ல் கத்தோலிக்கரானார். கணவர் இலங்கையில் இருந்த சமயத்தில் மெருலாவும் தானாகவே மதம் மாறினார்.

வேண்டா வெறுப்பாக வந்த புகழ்

1960-ல் லண்டன் மேடையில் 'ராஸ்' நாடகத்தில் டி.இ. லாரன்ஸாக நடித்த கின்னஸ், இரண்டு ஆண்டு கழித்து 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் அதே லாரன்ஸுக்கு எதிரே இளவரசர் ஃபைசலாக வந்தார். 1964-ல் கவிஞர் டிலன் தாமஸ் வேடத்துக்காக பிராட்வேயில் டோனி விருது. அறுபதுகளின் பிற்பகுதியும் எழுபதுகளின் முற்பகுதியும் படங்களைப் பொறுத்தவரை மங்கலான காலம்; வேகமாகக் கடந்துவிடலாம்.

1976-ன் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவில் ஒரு படத்தை முடித்துக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் லூகாஸ் என்ற இளம் இயக்குநரின் திரைக்கதை வந்து சேர்ந்தது. விண்வெளிக் கதை என்றதும் கீழே வைக்கப் போனவர், படிக்கத் தொடங்கியதும் பக்கங்களைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. வசனங்கள் பிடிக்கவில்லை; கதை பிடித்தது. சம்பளத்தோடு லாபத்தில் சுமார் 2 சதவீதப் பங்குக்கு ஒப்புக்கொண்டார். அந்தச் சின்னப் பங்குதான் கடைசிவரை அவரைப் பணக்கவலை இல்லாமல் வைத்தது.

படப்பிடிப்பின் நடுவில், ஓபி-வான் பாதியிலேயே சாக வேண்டும் என்று லூகாஸ் கதையை மாற்றியபோது அவருக்கு வருத்தம். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. ரப்பர் முகமூடிகளும் மினுங்கும் விளக்குகளும் நிறைந்த அந்தப் படத்தில், ஓர் இளைஞனிடம் அவனுடைய தந்தையைப் பற்றிப் பேசும் காட்சியில் கின்னஸின் முகத்தைப் பாருங்கள். ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்பது பிந்தைய படங்களில்தான் கதையாக வெளிவந்தது. அவர் கண்ணில் முதல் படத்திலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் அவர் ஒருவரே.

பிறகு வந்த ரசிகர் வெள்ளம் அவரை மூச்சுமுட்ட வைத்தது. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையோடு சொன்ன ஒரு சிறுவனிடம், இனிப் பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடு என்று கேட்டதாக எழுதியிருக்கிறார். பையன் அழுதுவிட்டான். இதை வைத்து அவரை முசுடு என்றவர்கள் உண்டு. ஒரு குழந்தை தன் வாழ்க்கையைக் கடன்வாங்கிய கனவுக்குள் கழித்துவிடுமோ என்ற கவலையாக அதை எடுத்துக்கொள்வதே நியாயம்.

உளவுத்துறைத் தலைவரோடு ஒரு மதிய உணவு

அறுபத்தைந்து வயதில் கின்னஸ் ஏற்ற வேடம் ஜார்ஜ் ஸ்மைலி. ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை பிபிசி ஏழு பகுதிகளாக எடுத்து 1979-ல் ஒளிபரப்பியது. ஓய்வுபெற்ற ஓர் உளவு அதிகாரி, தன் துறைக்குள் சோவியத் ஒற்றன் யார் என்று தேடுகிறார். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு வயதானவர் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

உண்மையான உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கின்னஸ் கேட்டார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற சர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டை மதிய உணவுக்கு அழைத்தார் லெ காரே. அன்று நடந்ததை லெ காரே பின்னாளில் விவரித்திருக்கிறார். மூவரும் சாப்பிட்டார்கள். கின்னஸ் அதிகம் பேசவில்லை. ஓல்ட்ஃபீல்டு விடைபெற்றுக் கிளம்பியதும் விருட்டென்று எழுந்து வெளியே வந்து, குடையோடு தெருவில் அவர் நடந்துபோவதைக் கண் மறையும்வரை பார்த்தார். உள்ளே திரும்பியதும் கேள்விகளை அடுக்கினார். சட்டைக் கைக்கு அவ்வளவு கண்ணைப் பறிக்கும் பொத்தான்களை உளவாளிகள் எல்லோருமே போடுவார்களா? கோப்பையின் விளிம்பில் விரல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர் விரலை உள்ளேயே விட்டுச் சுற்றினாரே, விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாரோ?

அன்று மேசையில் பேசிய அரசியலும் அனுபவமும் கின்னஸுக்கு இரண்டாம்பட்சம். பொத்தானும் விரலும் நடையும் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிடுவார். திரையில் வந்த ஸ்மைலியைப் பார்த்துவிட்டு, தன்னை அதில் அடையாளம் தெரியவில்லை என்றார் ஓல்ட்ஃபீல்டு. அதில் பிழை ஒன்றுமில்லை. நகலெடுப்பது கின்னஸின் வேலையே அல்ல. எடுத்ததை வேறொரு மனிதனுக்குள் கரைத்துவிடுவார். ஸ்மைலி யாரையாவது விசாரிக்கும்போது முகம் கல்லாக இருக்கும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இமை ஒருமுறை அசையும். எதிரில் இருப்பவர் பொய் சொல்லிவிட்டார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இந்த வேடத்துக்கும், அடுத்து 1982-ல் வந்த 'ஸ்மைலிஸ் பீப்பிள்' தொடருக்கும் பாஃப்டா விருதுகள் வந்தன. நாவலாசிரியருக்கு ஒரு சங்கடமும் வந்தது. எழுத உட்கார்ந்தால் தன் ஸ்மைலிக்குப் பதில் கின்னஸின் முகமும் குரலுமே முன்னால் வந்து நிற்பதாகச் சொன்னார் லெ காரே.

பெங்களூரில் முறிந்த நட்பு

1984-ல் வெளிவந்த 'எ பாசேஜ் டு இந்தியா', டேவிட் லீனோடு கின்னஸின் ஆறாவது படம். படப்பிடிப்பு பெங்களூரை மையமாக வைத்து நடந்தது. கதையின் மராபார் குகைகளுக்குச் சாவனதுர்காவும் ராமநகராவும் பாறைகளைக் கொடுத்தன. பெக்கி ஆஷ்கிராஃப்ட் மிஸஸ் மூராக நடித்து ஆஸ்கர் வென்றார். விக்டர் பானர்ஜி டாக்டர் அஸீஸாக அழுத்தமாக நின்றார். பேராசிரியர் காட்போலே என்ற பிராமணத் தத்துவவாதியின் வேடம் மட்டும் தோலில் சாயம் பூசிய கின்னஸுக்குப் போனது.

இது பிழையான முடிவு. இந்தியாவில் நின்று படம் எடுக்கும்போது, காட்போலேயைச் செய்ய எத்தனையோ இந்திய நடிகர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். கின்னஸின் கலையில் திரும்பத் திரும்ப வந்த கோளாறும் இதுதான். ஃபாகின் யூதர், ஃபைசல் அரபு இளவரசர், 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' (1961) படத்தில் ஜப்பானிய வணிகர், கடைசியில் காட்போலே. தனி மனிதன் ஒருவனின் நடையைப் பிடிப்பதில் நிகரற்ற நடிகர், ஓர் இனத்தின் முகத்தை ஒப்பனையாகப் போட்டுக்கொண்டபோதெல்லாம் பாதி பொம்மையாகிவிட்டார். அவர் காலத்து வழக்கம் அது என்பது உண்மை. அவரைப் போன்ற நுட்பமான கண் உள்ளவர் அதைக் கடந்திருக்கலாம் என்பதும் உண்மை.

காட்போலேக்காக அவர் உழைத்துப் பயின்ற ஒரு நடனக் காட்சியை லீன் படத்தொகுப்பில் வெட்டிவிட்டார். வேறு காட்சிகளும் போயின. சுமார் நாற்பது ஆண்டு நட்பு அங்கே முறிந்தது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 'லிட்டில் டாரிட்' (1988) படத்தில் கடன்காரர் சிறையிலேயே வயதாகிப்போன வில்லியம் டாரிட்டாக நடித்து மறுபடியும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1989-ல் 'எ வாக் இன் தி வுட்ஸ்' நாடகத்தோடு மேடைக்கு விடைகொடுத்தார். எண்பது வயதைத் தாண்டி நாட்குறிப்புகளை இரண்டு புத்தகங்களாக வெளியிட்டார்; நடிகர் எழுதும் புத்தகங்களில் அபூர்வமாக, வம்பும் தற்புகழ்ச்சியும் குறைந்தவை. ஹாம்ப்ஷயரில் பீட்டர்ஸ்ஃபீல்டு அருகே இருந்த வீட்டில், தோட்டமும் நாய்களும் ஞாயிறு பூசையுமாக வாழ்ந்தார். 2000 ஆகஸ்ட் 5 அன்று புற்றுநோயால் இறந்தார். இரண்டு மாதம் கழித்து அக்டோபரில் மெருலாவும் காலமானார்.

கின்னஸைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்தவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் அடுத்துத் தேடிப் பார்க்க வேண்டியது, அதிகம் பேசப்படாத 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' (1960). ஸ்காட்லாந்துப் படைமுகாம் ஒன்றில் சிப்பாயாக இருந்து தளபதியான ஜாக் சின்க்ளேர், செம்பட்டை முடியும் குடியும் கும்மாளமுமாக இருப்பவன். அவனுக்கு மேல் புதிதாக வந்து சேரும் கண்டிப்பான, மனம் உடைந்த கர்னல் இன்னொரு பக்கம். கர்னல் வேடம் நிக்கல்சனின் சாயலில் இருந்ததால் கின்னஸ் அதை ஒதுக்கினார். அது ஜான் மில்ஸுக்குப் போனது. தன் இயல்புக்கு நேர் எதிரான முரடனைக் கின்னஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். தன்னைக் குறைத்தே பெயர் வாங்கிய மனிதர் இதில் கத்துகிறார், குதிக்கிறார், அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடக்கிறார். இறுதிக் காட்சியில், தனக்குக் கீழே உள்ள அதிகாரிகளை உட்காரவைத்து ஒரு ராணுவ இறுதி ஊர்வலத்துக்கு உத்தரவுகள் கொடுத்துக்கொண்டே போய், பேச்சின் நடுவில் உடைகிறான் ஜாக். அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது மில்ஸுக்குக் கிடைத்தது. கின்னஸின் ஜாக் சின்க்ளேருக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை.